படிப்பு முடிந்தது, வேலைக்கு எப்படிப் போவது: கடைசி செமஸ்டரிலிருந்து வேலையில் முதல் ஆறு மாதம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் இருக்கும்வரை அடுத்து என்ன என்பதை யாரோ ஒருவர் உங்களுக்காக முடிவு செய்து வைத்திருப்பார். பாடத்திட்டம் இருக்கும், தேர்வுத் தேதி இருக்கும், எழுதினால் மார்க் வரும், மார்க்கைப் பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். கடைசித் தேர்வு எழுதி வெளியே வந்த மறுநாளிலிருந்து இதில் ஒன்றுகூடக் கிடையாது. நன்றாகப் படித்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். அவர்களுக்குத் திறமை போதாமல் இல்லை, அவர்கள் வேலை செய்து வெளியில் யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். வேலை கொடுப்பவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள்: ஒரே மாதிரி ரெஸ்யூம்கள் குவிந்து கிடக்கின்றன, எல்லாவற்றிலும் ஒரு பட்டம், ஒரு சதவீதம், 'கடின உழைப்பாளி' என்று ஒரு வரி. இதில் யார் எதைச் செய்வார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் கீழே வரும் எல்லாப் படிகளும் ஒரே கேள்விக்குப் பதில்தான்: நீங்கள் வேலை செய்யும் விதத்தை, உங்களை முன்பின் தெரியாத ஒருவருக்கு எப்படிக் காட்டுவது? கடைசி வருடத்தில் இருப்பவர்கள் முதல் படியிலிருந்து நிதானமாகத் தொடங்கலாம். படித்து முடித்து சில மாதங்கள் ஆகிவிட்டவர்களும் அதே முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும், கொஞ்சம் வேகமாக.

முதல் படி: செய்ததையெல்லாம் எழுதி வையுங்கள்

ரெஸ்யூமை இப்போதைக்குத் திறக்காதீர்கள். ஒரு நோட்டையோ வெற்று ஃபைலையோ எடுத்து, கடந்த மூன்று நான்கு வருடத்தில் நீங்கள் செய்த எல்லாவற்றையும் எழுதுங்கள். ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப், துறை விழாவுக்குக் கணக்குப் பார்த்தது, ஜூனியர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது, பகுதி நேர வேலை, ஆய்வகத்தில் பழுதான கருவியைச் சரி செய்தது, எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: நீங்கள் கைவைப்பதற்கு முன் நிலைமை என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு என்ன மாறியது.

இது சாதாரணமாகத் தெரியும், ஆனால் எழுத உட்கார்ந்தால்தான் கஷ்டம் புரியும். குழுவாகச் செய்த ப்ராஜெக்டில் 'நாங்கள்' என்றே எல்லோரும் எழுதுவார்கள். அந்த நான்கு பேரில் நீங்கள் செய்த துண்டு எது என்று தனியாகப் பிரித்து எழுதுங்கள். டேட்டா சேகரித்தீர்களா? எத்தனை பேரிடம்? எப்படி? பாதியில் ஒருவர் விலகியபோது அவர் வேலையை யார் எடுத்துக்கொண்டது? இந்த விவரங்கள் இப்போது நினைவில் இருக்கும், ஆறு மாதம் கழித்து இருக்காது. பின்னால் ரெஸ்யூமுக்கும் இன்டர்வியூவுக்கும் தேவையான மொத்தச் சரக்கும் இந்த ஃபைலில்தான் இருக்கப்போகிறது, அதனால் இதில் ஒரு வாரம் செலவானாலும் பரவாயில்லை.

இரண்டாம் படி: விளம்பரங்களைப் பாடப்புத்தகம் மாதிரிப் படியுங்கள்

'உனக்கு எதில் ஆர்வம்?' என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. உள்ளே போய்ப் பார்க்காத வேலை மேல் ஆர்வம் இருக்கிறதா இல்லையா என்று உட்கார்ந்த இடத்தில் கண்டுபிடிக்க முடியாது. அதைவிட எளிய வழி, உங்கள் படிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று வகை வேலைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு விளம்பரங்களை முழுதாகப் படிப்பது. விண்ணப்பிக்க வேண்டாம், படித்தால் போதும்.

படிக்கும்போது வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். 'அறிக்கை தயாரிக்க வேண்டும்', 'வாடிக்கையாளரிடம் பேச வேண்டும்', 'பிழை கண்டுபிடிக்க வேண்டும்', 'ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்' என்று வருபவைதான் அந்த வேலையில் தினமும் செய்ய வேண்டியவை. 'துடிப்பானவர்', 'குழுவோடு ஒத்துப்போகிறவர்' மாதிரியான அலங்காரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். பத்து விளம்பரத்தில் எட்டில் திரும்பத் திரும்ப வருவது கட்டாயத் தேவை. இரண்டில் மட்டும் வருவது அந்த நிறுவனத்தின் தனி ஆசை. அப்புறம் அந்தக் கட்டாயப் பட்டியலை முதல் படியில் எழுதிய ஃபைலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது ஏற்கெனவே கையில் இருக்கிறது, எது இல்லை என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். இல்லாதவற்றில் ஒன்றிரண்டைக் கற்றுக்கொண்டால் போதும். எல்லாவற்றையும் கற்று முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிப்பேன் என்று இருந்தால் அது முடியவே முடியாது. விளம்பரம் எழுதுபவர் தனக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பதையெல்லாம் அதில் போட்டு வைப்பார். முக்கால்வாசி பொருந்தினாலே விண்ணப்பிக்கலாம்.

மூன்றாம் படி: காட்டுவதற்கு ஒன்று செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பணியாளர் தேர்வு பற்றி உளவியலில் நீண்ட காலமாக ஆராய்ச்சி நடந்து வருகிறது. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998இல், 85 வருட ஆய்வு முடிவுகளைத் தொகுத்து, எந்தத் தேர்வு முறை ஒருவர் பின்னால் எப்படி வேலை செய்வார் என்பதைச் சரியாகச் சொல்கிறது என்று கணக்கிட்டார்கள். வேலையின் ஒரு துண்டை நேரில் செய்யச் சொல்லிப் பார்ப்பது பட்டியலின் உச்சியில் வந்தது. எத்தனை வருடம் படித்தார் என்பது கிட்டத்தட்ட அடியில் இருந்தது. 2022இல் பால் சாக்கெட் குழுவினர் அந்தக் கணக்கை மறுபடி செய்தபோது பெரும்பாலான எண்கள் குறைந்தன, வரிசையும் மாறியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் இன்டர்வியூ முதலிடத்துக்கு வந்தது. துறை சார்ந்த அறிவைச் சோதிப்பதும், வேலையைச் செய்து காட்டச் சொல்வதும் அப்போதும் மேல் வரிசைகளிலேயே இருந்தன. நல்ல நிறுவனங்கள் தேர்வின்போது ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் கேட்கும்வரை நீங்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?

உதாரணத்துக்கு, நீங்கள் வணிகவியல் படித்தவர், நிதிப் பிரிவில் வேலை தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பங்குச்சந்தையில் இருக்கும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் மூன்று வருட ஆண்டறிக்கைகளை இறக்கிக்கொள்ளுங்கள், அவை எல்லோருக்கும் இலவசமாகவே கிடைக்கும். லாப நஷ்டக் கணக்கில் லாபம் ஒவ்வொரு வருடமும் ஏறுகிறது, ஆனால் பணப்புழக்க அறிக்கையில் வியாபாரத்திலிருந்து கைக்கு வந்த பணம் குறைந்துகொண்டே போகிறது என்றால், அது ஏன் என்று தேடுங்கள். விற்ற சரக்குக்கு வர வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போகிறதா? கிடங்கில் சரக்கு தேங்கி நிற்கிறதா? ஐந்தொகையில் அந்த இரண்டு வரிகளையும் மூன்று வருடத்துக்கும் வரிசையாக வைத்தால் பெரும்பாலும் பதில் அங்கேயே இருக்கும். கண்டுபிடித்ததை ஒரு பக்கத்தில், ஒரு சின்ன அட்டவணையோடு எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்தைப் படிக்கும் நிதி மேலாளருக்கு உங்களைப் பற்றித் தெரியும் அளவு, உங்கள் மார்க் பட்டியலைப் பார்த்தால் தெரியாது.

வேறு துறைகளிலும் இதே முறைதான். கணினி அறிவியல் என்றால் வகுப்பில் எல்லோரும் செய்த அதே ப்ராஜெக்டை விட்டுவிட்டு, நிஜமாக ஒருவர் பயன்படுத்தும் ஒரு சின்னக் கருவியைச் செய்யுங்கள், அல்லது ஒரு திறந்த மூல மென்பொருளில் பதிவாகியிருக்கும் ஒரு பிழையைச் சரிசெய்து அனுப்புங்கள். உயிரியல் என்றால் ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதன் முறையில் இருக்கும் பலத்தையும் ஓட்டையையும் இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். மொழி, வரலாறு படித்தவர்கள் ஒரு அமைப்பின் குழப்பமான அறிவிப்பை எடுத்து, பத்தாவது படித்தவருக்கும் புரியும்படி மாற்றி எழுதிப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். இயந்திரப் பொறியியல் என்றால் ஒரு சாதாரணப் பொருளைப் பிரித்து, அளந்து, வரைந்து, எந்தப் பாகம் முதலில் தேயும், ஏன் என்று எழுதலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, சிறியதாக இருக்கட்டும், ஆனால் முடிந்திருக்க வேண்டும். பாதியில் நிற்கும் பெரிய திட்டத்தால் பயனில்லை. இரண்டாவது, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு வரியையும் 'இது ஏன் இப்படி' என்று கேட்டால் உங்களால் விளக்க முடிய வேண்டும். இன்டர்வியூவில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும், அப்போது முழித்தால், செய்ததைக் காட்டாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றிவிடும்.

நான்காம் படி: இப்போது ரெஸ்யூம்

முதல் பார்வையில் ரெஸ்யூமுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம் 2018இல் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தபோது சராசரியாக 7.4 வினாடி என்று வந்தது. அதனால் ஒரே பக்கம். புதிதாக வேலைக்கு வருபவருக்கு இரண்டாம் பக்கம் தேவைப்படுவது அபூர்வம். பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பகுதியில் உங்கள் பெயர், தொடர்பு, படிப்பு, அப்புறம் மூன்றாம் படியில் செய்த வேலை, அதற்கான இணைப்பு, இவ்வளவும் வந்துவிட வேண்டும்.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். 'நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றினேன்.' இதைப் படித்தால் எதுவும் தெரியாது. முதல் படியில் எழுதிய ஃபைலைத் திறந்து இப்படி மாற்றுங்கள்: 'துறைக் கருத்தரங்குக்கு 240 பேரின் பதிவைக் கையாண்டேன், காகிதப் படிவத்தை இணையப் படிவமாக மாற்றியதால், முந்தைய வருடம் வாசலில் நின்ற நீண்ட வரிசை இந்த வருடம் இல்லை.' வேலை அதேதான், ஆனால் இந்த வரியில் ஒரு ஆள் தெரிகிறார். எண் இருந்தால் போடுங்கள், இல்லாத எண்ணை மட்டும் உருவாக்காதீர்கள். 'எப்படி அளந்தீர்கள்?' என்று ஒரே ஒரு கேள்வியில் அது உடைந்துவிடும்.

வடிவம் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் ஒரு மென்பொருள் வாங்கி, அதிலிருக்கும் எழுத்தைப் பிரித்து எடுத்து வைக்கும். இரண்டு பத்திகளாகப் பிரித்த அழகான டிசைன், அட்டவணைக்குள் அட்டவணை, படமாக வைத்த எழுத்து இவையெல்லாம் அங்கே குழம்பிப்போக வாய்ப்புண்டு. நேராக மேலிருந்து கீழே போகும் எளிய வடிவம், பிடிஎஃப், ஃபைல் பெயரில் உங்கள் பெயர், அவ்வளவுதான். விளம்பரத்தில் ஒரு திறமைக்கு அவர்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்களோ, அந்தத் திறமை உங்களிடம் இருந்தால் அதே சொல்லையே எழுதுங்கள். திறமைக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் போடுவதை நிறுத்திவிடலாம், யார் கொடுத்த நட்சத்திரம் அது?

ஐந்தாம் படி: அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்

'எனக்கு ஆள் பலம் இல்லை' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நெருங்கிய சொந்தத்தையும் நண்பர்களையும் மட்டும் எண்ணிப் பார்க்கிறார்கள். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் முக்கியமானது. தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. காரணம் யோசித்தால் விளங்கும்: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும், அவர் புழங்கும் இடத்தில்தான் நீங்களும் புழங்குகிறீர்கள். கொஞ்சம் தூரத்தில் இருப்பவர் வேறொரு வட்டத்தில் இருக்கிறார், அங்கே வரும் செய்தி உங்களுக்கு வராது. 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களை வைத்துச் செய்த பரிசோதனையிலும் இதையொட்டிய முடிவே வந்தது. மிக நெருக்கமும் இல்லாமல் முற்றிலும் அந்நியரும் இல்லாமல் நடுவில் இருக்கும் தொடர்புகள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின.

அப்படியானால் பட்டியல் போடுங்கள்: இரண்டு வருடம் முன்னால் படித்து முடித்த சீனியர்கள், இன்டர்ன்ஷிப்பில் பக்கத்து மேசையில் இருந்தவர், ஒரு முறை பேச வந்த விருந்தினர், பள்ளித் தோழியின் அக்கா. இவர்களிடம் வேலை கேட்காதீர்கள். வேலை கேட்டால் அவர்களால் 'இருந்தால் சொல்கிறேன்' என்று மட்டும்தான் சொல்ல முடியும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். தகவல் கேளுங்கள். செய்தி இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

'வணக்கம் அக்கா, நான் நம் துறையில் இந்த வருடம் முடிக்கிறேன். நீங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பதாகப் பார்த்தேன். நானும் அந்த வகை வேலைக்குத்தான் தயாராகிறேன், ஒரு சின்ன ஆய்வு செய்து வைத்திருக்கிறேன், இணைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்பவர்களிடம் உங்கள் குழுவில் எது குறைவாக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? முடிந்தபோது பதில் எழுதினால் போதும், அல்லது பதினைந்து நிமிடம் பேச முடிந்தால் உங்களுக்கு வசதியான நேரத்தில் அழைக்கிறேன்.'

இதில் கேள்வி தெளிவாக இருக்கிறது, பதில் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம் போதும், உங்கள் வேலையும் அவர் கைக்குப் போய்விட்டது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். பதில் வந்தால் அவர் சொன்னதைச் செய்துவிட்டு, செய்தேன் என்று திரும்ப எழுதுங்கள். பெரும்பாலானோர் இதைச் செய்வதே இல்லை. அவர் குழுவில் பிறகு ஒரு இடம் காலியாகும்போது, திரும்ப எழுதியவர் பெயர்தான் முதலில் ஞாபகம் வரும்.

ஆறாம் படி: விண்ணப்பிப்பது, காத்திருப்பது, எங்கே அடைக்கிறது என்று பார்ப்பது

ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்: நிறுவனம், பதவி, விண்ணப்பித்த தேதி, எந்த ரெஸ்யூம், யார் மூலம், என்ன ஆனது. ஒரே நாளில் ஐம்பது இடத்துக்கு ஒரே ரெஸ்யூமைத் தட்டிவிடுவது வேலை செய்த மாதிரி ஒரு நிறைவைத் தரும், ஆனால் பலன் வருவது குறைவு. வாரத்துக்குக் கையளவு இடங்களுக்கு, விளம்பரத்தைப் படித்து, மேல் பகுதியை மாற்றி அனுப்புவது மேல்.

இந்த அட்டவணையின் உண்மையான உபயோகம், எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டுவதுதான். ஒன்றரை மாதம் அனுப்பியும் அழைப்பே வரவில்லை என்றால் பிரச்சினை ரெஸ்யூமில் அல்லது நீங்கள் குறிவைக்கும் வேலையில். இரண்டாம், நான்காம் படிகளுக்குத் திரும்புங்கள். அழைப்பு வருகிறது, முதல் சுற்றிலேயே நின்றுவிடுகிறது என்றால் பேசும் விதத்தில் அல்லது அடிப்படைக் கேள்விகளில் இருக்கிறது. கடைசிச் சுற்று வரை போய்த் தவறுகிறது என்றால் நீங்கள் கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள், எதையும் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை, இன்னும் சில இடங்களுக்குப் போக வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் 'எனக்கு வேலையே கிடைக்கவில்லை' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டால், இருக்கிற தைரியமும் போய்விடும், எதைச் சரிசெய்வது என்றும் தெரியாது.

தனியாகத் தேடாதீர்கள், தயவுசெய்து. வேலை தேடுபவர்களுக்கான பயிற்சித் திட்டங்களைப் பற்றிய 47 ஆய்வுகளை 2014இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அத்தகைய திட்டங்களில் இருந்தவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.67 மடங்கு என்று தெரிந்தது. அதிலும் தேடும் திறமையைச் சொல்லிக்கொடுப்பதோடு ஊக்கத்தையும் தாங்கிப் பிடித்த திட்டங்கள்தான் பலன் தந்தன. அப்படி ஒரு திட்டம் பக்கத்தில் இல்லையென்றால் நீங்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாரம் ஒரு நாள் உட்காருங்கள். ஒருவர் ரெஸ்யூமை இன்னொருவர் படிக்கட்டும், மாதிரி இன்டர்வியூ நடத்துங்கள், இந்த வாரம் வந்த நிராகரிப்புகளைச் சத்தமாகச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் அதேதான் நடக்கிறது என்று காதால் கேட்பது ஒரு பெரிய பாரத்தை இறக்கும்.

படித்து முடிக்கும் வருடம் பொருளாதாரம் சரிந்திருந்தால் அது உங்கள் தவறு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மந்தத்தின்போது வெளியே வந்த கனடியப் பட்டதாரிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஆய்வில், அவர்களின் தொடக்க வருமானம் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. ஐந்து வருடத்தில் அந்த இடைவெளி பாதியானது, பத்து வருடத்தில் கிட்டத்தட்ட மறைந்தது. மீண்டவர்களில் பலர் சின்ன இடத்தில் தொடங்கி, படிப்படியாக நல்ல நிறுவனங்களுக்கு மாறியவர்கள்.

ஏழாம் படி: இன்டர்வியூ

முதல் படியின் ஃபைலிலிருந்து ஐந்தாறு சம்பவங்களைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு சிக்கலைத் தீர்த்தது, ஒருவரோடு கருத்து வேறுபட்டது, ஒன்று தோற்றுப்போனது, புதிதாக ஒன்றைச் சீக்கிரம் கற்றது, பொறுப்பெடுத்தது. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்', 'நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீர்கள்', 'குழுவில் எப்படி இருப்பீர்கள்' என்று கேள்விகள் எத்தனை விதமாக வந்தாலும் இந்த ஐந்தாறில் ஒன்று பொருந்திவிடும். ஒவ்வொன்றையும் சூழல், உங்கள் பொறுப்பு, செய்தது, முடிவு என்ற வரிசையில் ஒன்றரை நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம், செய்தால் குரலிலேயே தெரிந்துவிடும். சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும், நேரம் முழுக்க 'செய்தது' பகுதிக்குப் போகட்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கல்லூரி, துறை, குழு என்று கதையை விரித்துவிட்டு, தான் செய்ததை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

தெரியாத கேள்வி வரும். 'தெரியாது சார்' என்று சொல்லி நிறுத்தினால் கதவு மூடிவிடும், தெரிந்த மாதிரி சுற்றி வளைத்தால் இன்னும் மோசம். 'இதை நான் செய்து பார்த்ததில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தவரை இது இன்ன விஷயத்தோடு தொடர்புடையது, அப்படியானால் முதலில் இதைச் சோதித்துப் பார்ப்பேன்' என்று யோசிக்கும் விதத்தை வெளியே காட்டுங்கள். புதியவரிடம் அவர்கள் பார்க்க நினைப்பது பெரும்பாலும் அதைத்தான்.

கடைசியில் 'உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். கேளுங்கள். முதல் மூன்று மாதத்தில் இந்தப் பதவியில் இருப்பவர் என்ன செய்து முடிக்க வேண்டும்? என் வேலையை யார் பார்த்துத் திருத்துவார்? இதே பதவியில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலில் அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். இணையவழி இன்டர்வியூ என்றால் ஒரு நாள் முன்னால் அதே இடத்தில், அதே இயர்போனோடு ஒரு நண்பரிடம் பேசிப் பார்த்துவிடுங்கள். முடிந்து வெளியே வந்ததும் கேட்ட கேள்விகளை மறக்குமுன் அந்த அட்டவணையில் எழுதி வையுங்கள்.

எட்டாம் படி: ஆஃபர் வந்ததும்

வேலைக்குச் சேரப் பணம் கட்டச் சொன்னால், பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். உண்மையான வேலை உங்களுக்குப் பணம் கொடுக்கும், உங்களிடம் வாங்காது. இன்டர்வியூவே இல்லாமல் வரும் ஆஃபரும், நிறுவனத்தின் பெயரைப் போலவே ஒரு எழுத்து மாறிய மெயில் முகவரியும் அதே ரகம்தான்.

ஆஃபர் லெட்டரை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மொத்தச் சம்பளம் என்று போட்டிருப்பதில் மாதாமாதம் கைக்கு வருவது எவ்வளவு, இலக்கை எட்டினால் மட்டும் வருவது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், விலக வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, இத்தனை வருடம் இருந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கிறதா, இருந்தால் மீறினால் என்ன ஆகும், வேலை நேரம் என்ன, எந்த இடம். அவர்கள் வாயால் சொன்ன எதுவும் லெட்டரில் இல்லையென்றால், மரியாதையாக ஒரு மெயில் போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்டதற்காக நல்ல நிறுவனம் எதுவும் ஆஃபரைத் திரும்ப வாங்காது.

இரண்டு ஆஃபரில் எது என்ற கேள்வி வந்தால், சம்பள வித்தியாசம் சின்னதாக இருக்கும்பட்சத்தில், உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு நல்ல ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே போங்கள் என்பேன். முதல் வேலை பின்னால் வருவதை நிறையத் தீர்மானிக்கிறது. பர்னிங் கிளாஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் அமெரிக்கப் பட்டதாரிகளின் பணிவரலாறுகளைப் பார்த்தபோது, 43 சதவீதம் பேர் பட்டமே தேவைப்படாத ஒரு வேலையில்தான் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்து வருடம் கழித்தும் அந்த மாதிரி வேலையிலேயே இருந்தார்கள். பணம் உடனடியாகத் தேவை என்றால் கிடைத்த வேலையில் சேர்வதில் ஒரு குறையும் இல்லை, அது நியாயமான முடிவு. ஆனால் சேர்ந்த அன்றே, வாரத்தில் இத்தனை மணி நேரம் மூன்றாம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் என்று ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்காவிட்டால் அந்த நேரம் தானாக வராது.

ஒன்பதாம் படி: முதல் ஆறு மாதம்

சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் இருக்கும் பயம், கேள்வி கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்பது. முதல் ஒன்றிரண்டு மாதத்தில் கேட்கும் கேள்வியை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், ஆறாவது மாதத்தில் அதே கேள்வியைக் கேட்டால்தான் நினைப்பார்கள். அதனால் இப்போதே கேளுங்கள், ஆனால் வெறுங்கையோடு போய்க் கேட்காதீர்கள். 'இந்த அறிக்கை புரியவில்லை' என்பதற்குப் பதிலாக, 'போன மாத அறிக்கையைப் பார்த்து இதுவரை போட்டுவிட்டேன். இந்த இடத்தில் திரும்பி வந்த சரக்கைக் கழிக்க வேண்டுமா வேண்டாமா என்பதில் நிற்கிறேன். கழிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், சரியா?' என்று கேட்டால், அவருக்கு அரை நிமிட வேலை, உங்கள் உழைப்பும் தெரிகிறது. பதிலை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பதுதான் மற்றவர்களை எரிச்சலாக்கும்.

கல்லூரிப் பழக்கம் ஒன்றை உடனே விட வேண்டும்: கடைசி நாள் வரை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்து முழுதாக ஒப்படைப்பது. வேலையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் மேலாளரிடம் காட்டி, 'இந்தத் திசை சரிதானா?' என்று கேட்டுவிடுங்கள். தவறான திசையில் இரண்டு வாரம் போய்விட்டால் எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் பயனில்லை. சொன்ன தேதிக்கு முடியாது என்று தெரிந்தால், தெரிந்த அன்றே சொல்லுங்கள், எப்போது முடியும் என்பதையும் சேர்த்து. முன்கூட்டியே சொன்ன தாமதத்தைச் சமாளிக்க முடியும், கடைசி நேரத்தில் சொன்னால் அடுத்தவர் மாட்டிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை மாலையோ, உங்கள் வாரம் எப்போது முடிகிறதோ அப்போதோ, பத்து நிமிடம் எடுத்து இந்த வாரம் செய்தது, கற்றது, நின்றுபோனது என்று நான்கைந்து வரி எழுதுங்கள். முதல் படியில் தொடங்கிய அதே பழக்கம்தான், இப்போது சம்பளத்தோடு. தகுதிகாண் காலம் முடியும்வரை யாராவது கூப்பிட்டு மதிப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டாவது மாத முடிவில் நீங்களே மேலாளரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கி, 'நான் எதை இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும்? எதைச் செய்வதை நிறுத்த வேண்டும்?' என்று கேளுங்கள். 'எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது' என்றால், போன மாதம் நீங்கள் செய்த ஒரு குறிப்பிட்ட வேலையைச் சுட்டிக்காட்டி, அதில் என்ன மாற்றியிருப்பீர்கள் என்று கேளுங்கள், அப்போது உண்மையான பதில் வரும்.

இந்த வேலை எனக்கானது இல்லை என்று தோன்றினால், முதல் மாதத் தோன்றலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், புது இடத்தில் எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும். அவமதிப்போ, சம்பளம் தராமல் இழுப்பதோ, ஆபத்தோ இருந்தால் அது வேறு விஷயம், உடனே வெளியேற வழி பாருங்கள். அப்படி எதுவும் இல்லை, வேலைதான் பிடிக்கவில்லை என்றால், பிடிக்காதது வேலையா, அந்தக் குழுவா, அந்த மேலாளரா என்று பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் அடுத்த இடத்தில் எதைத் தேட வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. கையில் இன்னொரு ஆஃபர் வந்த பிறகு, லெட்டரில் சொன்ன முன்னறிவிப்பு நாட்களை முழுதாகக் கொடுத்து, பார்த்துக்கொண்டிருந்த வேலையை எழுதி ஒப்படைத்துவிட்டு விலகுங்கள். நிறுவனத்தின் ஃபைல்களில் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வாராவாரம் நீங்கள் எழுதிய குறிப்புகளில் வாடிக்கையாளர் பெயரும் உள் எண்களும் இருந்தால் அவற்றையும் நீக்கிவிடுங்கள். மீதி இருக்கும் வரிகளிலிருந்து அடுத்த ரெஸ்யூமை எழுதத் தொடங்கலாம்.